தண்ணீர் நன்றாக வரும் தெரு

அன்புள்ள பொடிசுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே குண்டுக்கல்லாட்டம் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, விடியும்வரை செல்போனை நோண்டாமல், யாரோடும் சண்டை போடாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். சண்டை என்றதும் புதன்கிழமை ஞாபகம் வந்துவிட்டது, ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அன்று போனில் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிடலாம் என்று எடுத்தால் அம்மா கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். “போன்ல பேசினா நீங்க மறுபடி கத்துவீங்க, அவ மறுபடி வெச்சிடுவா, எனக்குத்தான் ரெண்டு பக்கமும் சமாதானம் பேசற வேலை. எழுதுங்க. பேப்பர்ல எவ்வளவு வேணா கத்திக்கலாம், யாருக்கும் காது வலிக்காது” என்று சொல்லி, உன் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். கடைசியாக நான் கடிதம் எழுதியது பாய்லர் வால்வு கேட்டு மருத்துவமனை ஸ்டோருக்கு. அந்த வால்வு இன்னும் வரவில்லை, அதைப் பார்த்தால் என் எழுத்தின் சக்தி உனக்கே புரியும்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன திங்கட்கிழமையே வேலையை விடுகிறேன் என்று எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. பதினாலு வருடமாக மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அடுத்தவர் மெஷினுக்கு பேரிங் மாற்றிக்கொண்டிருக்கிறேன், எனக்கென்று மூன்று மெஷின் போட்டு ஒரு சலவை நிலையம் நடத்த முடியாதா என்று நான் பேச ஆரம்பித்து எத்தனை வருடம் ஆகிறது என்று உனக்கே தெரியும், அந்தப் பேச்சில்தான் நீ வளர்ந்தாய். இடம் கிடைத்துவிட்டது, சனிக்கிழமை மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன், அப்புறம் ராஜினாமாவுக்கு மட்டும் எதற்கு நல்ல நாள் பார்ப்பது என்று நினைத்தேன். எனக்குக் காத்திருக்க வராது. நாற்பது வயதில் பத்தொன்பது வயதுப் பெண் இருக்கிறாள் என்றாலே ஊருக்குப் புரிந்திருக்க வேண்டும், நான் எதற்கும் காத்திருக்கிற ஆள் இல்லை என்று.

அந்த இடத்தைப் பற்றி உனக்கு நான் பத்துத் தடவை பீற்றிக்கொண்டிருப்பேன், இருந்தாலும் பதினோராவது தடவை கேள், ஏனென்றால் தப்பு அங்கேதான் இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலையிலும் மாலையிலும் போய் அளந்தேன். குழாயில் அழுத்தம் பார்க்கிற பிரஷர் கேஜ் மாட்டினால் முள் இரண்டரையில் ஏறி நின்றது, அசையவில்லை. நம் வீட்டுக் குழாயில் அதே முள் அரையைத் தாண்டுவதற்கு மூச்சு வாங்கும். மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட், காலையிலும் அதே, மாலையிலும் அதே, கோடு போட்ட மாதிரி. தரை மட்டம் பார்த்தேன், ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சாக்கடைச் சரிவு பிரமாதம். இவ்வளவு சுத்தமான எண்களை என் வாழ்நாளில் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கட்டடத்துக்காரர் ஓய்வு பெற்ற குமாஸ்தா, எப்போதும் கக்கத்தில் ஒரு பைல் வைத்திருப்பார், அதனால் அம்மா அவருக்கு வைத்த பெயர் பைல்காரர். அவரும் மறுபேச்சே பேசாமல் வாடகையைக் குறைத்தார். சந்தேகப்பட்டிருக்க வேண்டும், நான் என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் நீ உன் வகுப்புப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்று ஆறு கட்டம் போட்டு அனுப்பி, “அப்பா, கட்டடத்துக்கு உள்ளே இருக்கறதை எல்லாம் அளந்துட்டீங்க, வெளியே இருக்கறதை யார் அளப்பாங்க? எந்த வியாபாரமும் நாலு சுவத்துக்குள்ள மட்டும் நடக்கறதில்லை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை நிரப்புங்க” என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதினால் அம்மா கிழித்துப் போடுவாள், தாளும் ஆறுதான் இருக்கிறது. ஒரு வாஷிங் மெஷினைக்கூடக் கழற்றிப் பார்க்காத பெண் எனக்குச் சலவை நிலையம் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாளே என்ற எரிச்சல், வேறொன்றுமில்லை. நீ போனை வைத்த பிறகு அம்மா அந்தக் கட்டத் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, நிரப்பினால்தான் சாப்பாடு என்றாள். நிரப்பினேன். அரசியல் என்ற கட்டத்தில் எனக்கு ஆர்வமில்லை என்று எழுதினேன். பொருளாதாரம், போதாது. சமூகம், துணி உடுத்துகிறது. தொழில்நுட்பம், நானே இருக்கிறேன். சுற்றுச்சூழல், தூசி நிறைய, நமக்கு லாபம். சட்டம், வரட்டும் பார்த்துக்கொள்ளலாம். அம்மா படித்துவிட்டு, “மெஷின்ல ஒரு ஸ்குரூ லூசா இருந்தா ராத்திரி தூங்க மாட்டீங்க, இதுல ஆறும் லூசா இருக்கு, கால் நீட்டிச் சாப்பிடறீங்க” என்றாள். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. சரி, உன் கட்டம் வெறும் காகிதக் குப்பை என்று நிரூபித்துவிட்டு வருகிறேன் என்று வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இதுவரை நான் அந்தத் தெருவுக்குப் போனது எப்படித் தெரியுமா, வண்டியை நேராகக் கட்டடத்துக்குள் விட்டு, அளந்து, எழுதிக்கொண்டு, அதே வேகத்தில் வெளியே வந்துவிடுவது. தெருவை நான் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமைதான் முதல் தடவையாக வாசற்படியில் உட்கார்ந்தேன். சமூகம் என்ற கட்டத்துக்காகப் போகிறவர் வருகிறவரை எண்ணுவது என்று முடிவு. ஆறரையிலிருந்து ஏழரைவரை எண்ணினேன். நாய் ஒன்று. அதே நாய் திரும்பி வந்தது, அதையும் எழுதினேன். நடைப்பயிற்சி போகிற ஒருவர், ஆனால் அவர் உடுப்பைப் பார்த்தால் சலவைக்குக் கொடுக்கிற ஜாதியாகத் தெரியவில்லை. சரி, அக்கம்பக்கத்தார் சோம்பேறிகள், மெதுவாகத்தான் எழுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நிமிர்ந்து பால்கனிகளைப் பார்த்தேன். ஒரு பால்கனியில்கூடத் துணி காயவில்லை. இரண்டு பக்கமும் மூன்று மாடிக் கட்டடங்கள், கொடிகள் எல்லாம் மொட்டையாகத் தொங்குகின்றன. அதைப் பார்த்ததும் உன் அப்பனுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். யாரும் வீட்டில் துவைப்பதே இல்லை, தெருவே துணியை வெளியே கொடுக்கிறது, மூன்று மெஷின் போதாது, நாலாவதற்கு இடம் விட வேண்டும் என்று தாளின் ஓரத்தில் கணக்கே போட ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள், அம்மா சிரித்ததில் பாதியைக்கூட நீ தொட முடியாது.

அப்போது மொபெட்டில் பேப்பர் போடுகிற பெரியவர் வந்தார். இந்தத் தெருவில் மொத்தம் எத்தனை வீட்டுக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன், என் நாலாவது மெஷினுக்கு ஆதாரம் வேண்டுமல்லவா. “போன வருஷம் வரைக்கும் எழுபத்தெட்டு தம்பி, இப்ப பதினொண்ணு. அதுலயும் மூணு பேர் அடுத்த மாசம் நிறுத்தச் சொல்லிட்டாங்க” என்றார். ஏன், செய்தி பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, என்னை மேலும் கீழும் பார்த்தார். “செய்தியே அதுதானே தம்பி. ரோடு அகலப்படுத்தறாங்க, இந்தத் தெரு முழுக்க இடிபடப் போகுது, ஜனம் எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நீங்க பேப்பரே படிக்கறதில்லையா?” என்றார். தலைக்குள் முதலில் சுழன்றது ரோடு இல்லை, அந்த இரண்டரைதான். எழுபத்தெட்டு வீட்டுக்குப் போட்ட குழாயில் பதினொரு வீடுதான் திறக்கிறது என்றால் மிச்சத் தண்ணீரின் அழுத்தம் எங்கே போகும், என் பிரஷர் கேஜுக்குத்தான் வரும். விளக்குப் போட ஆளில்லாத தெருவில் வோல்ட் ஏன் இறங்கப் போகிறது, சொல். நான் அளந்து அளந்து மகிழ்ந்தது எல்லாம் ஆளில்லாததன் அளவு. பதினாலு வருட அனுபவம், டிப்ளமோ, கையில் கேஜ், எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு காலித் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து அதில் மூன்று வருடத்துக்கு உட்காரப் பார்த்திருக்கிறேன்.

நேராகப் பைல்காரர் வீட்டுக்குப் போனேன். மனிதர் பதறவே இல்லை. “தம்பி, நீங்க தண்ணி வருமான்னு கேட்டீங்க, வரும்னேன். கரண்ட் எப்படின்னு கேட்டீங்க, அதையும் சொன்னேன். கட்டடம் நிக்குமான்னு நீங்க கேக்கவே இல்லையே” என்றார். அப்புறம் பைலைத் திறந்து நோட்டீஸை எடுத்துக் காட்டினார், எட்டு மாதத்துக்கு முன்பு வந்தது, அதற்குக் கண்ணாடி உறைகூடப் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். கேள்விதான் என்னுடையது. கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனால் வரைபடம் சுவரில் பட்டப்பகலில் தொங்குகிறது, நம் கட்டடத்தின் நடுவே சிவப்புக் கோடு. உன் ஆறு கட்டத்தில் நாலு தானாக நிரம்பிவிட்டது பொடிசு. நகர மன்றம் தீர்மானம் போட்டது, சட்டப்படி நோட்டீஸ் வந்தது, ஜனம் போனது, கடைகள் பின்னாலேயே போயின, வாடகை விழுந்தது. வெவ்வேறு பெயரில் நாலு கட்டத்திலும் வந்து உட்கார்ந்திருந்தது ஒரே ரோடு. அந்த ரோடு மீட்டரில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முதலில் பால்கனி விஷயம்வரை சொன்னேன், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள், “நாலாவது மெஷினா? நாலாவது மெஷினா?” என்று அதையே கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்குகிற சமயம் பார்த்து ராஜினாமாவைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் எழுந்து போய் நனைந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள், நனைந்த துணியை யாராவது மடிப்பார்களா. மடித்துக்கொண்டே, “வேலை போனா போகட்டும், பாத்துக்கலாம். என்கிட்ட சொல்லாம ஏன் பண்ணினீங்க? நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” என்றாள். இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மேஜை டிராயரைத் திறந்து என் கடிதத்தை எடுத்துப் போட்டார். மேலே அனுப்பவே இல்லை. “உன்னை எனக்குத் தெரியாதாப்பா? ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடியே நட்டைத் திருகற ஆளு நீ. ஒரு வாரம் கிடக்கட்டும்னு வெச்சிருந்தேன். எடுத்துட்டுப் போ, நானும் பாக்கலை, நீயும் குடுக்கலை” என்றார். அந்த ஆளை நான் பதினாலு வருடமாகச் சுறுசுறுப்பு இல்லாதவர் என்று திட்டியிருக்கிறேன். அவருடைய மந்தத்தனத்துக்கு ஒரு கோவில்தான் கட்ட வேண்டும்.

இப்போது நீ அப்பா பிழைத்தார், சலவைக்கூடத்திலேயே கிடப்பார் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று மாலை அம்மாதான் ஆரம்பித்தாள். “தண்ணி நல்லா வர்ற இடத்துல ஆள் இல்லைன்னா, தண்ணி வராத இடத்துல போய்ப் பாருங்களேன்” என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அதில் ஒரு பொறியியல் தெரிந்தது. சனிக்கிழமை முழுக்க இருவரும் வண்டியில் கேஜை எடுத்துக்கொண்டு ஊரிலேயே மட்டமான குழாயைத் தேடி அலைந்தோம். டீக்கடைகளில் நிறுத்தி, எங்கே தண்ணீர் ரொம்ப மோசம் என்று விசாரித்தோம், ஒருவர் எங்களை நகராட்சி ஆள் என்று நினைத்துப் பத்து நிமிடம் திட்டினார், அம்மா பொறுமையாகக் குறித்துக்கொண்டாள். கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு, அதில் வாடகைக்கு ஒரு இடம். முள் எழுந்திருக்கவே இல்லை. வோல்ட் மாலையில் நூற்றுத் தொண்ணூறு, விளக்கு அழுது வடிகிறது. ஆனால் ஜனம்! வேலைக்கு வந்து ஒற்றை அறையில் தங்கியிருக்கிறவர்கள், ஜன்னல் கம்பியில் சட்டை, வண்டி ஹேண்டிலில் சட்டை, ஒரு வீட்டில் டிஷ் ஆண்டெனாவின் மேலேயே பேன்ட் காய்கிறது. அம்மா என் முதுகில் தட்டி, “இப்ப எண்ணுங்க உங்க பால்கனியை” என்றாள்.

இந்தத் தடவை உன் கட்டத்தை நான் விளையாட்டாக நிரப்பவில்லை. அங்கே போனில் கூப்பிட்டால் துணி எடுத்துக்கொண்டு போகிற ஒரு கம்பெனி ஏற்கனவே வருகிறது. அம்மா ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள், அந்தப் பெண் செவிலியர் பயிற்சிக்கு வந்தவள், “அவங்க மூணு நாள் கழிச்சுத்தான் தருவாங்க அக்கா, என்கிட்ட இருக்கறதே ரெண்டு யூனிபார்ம், நடுவுல எதைப் போட்டுக்கிட்டுப் போக?” என்றாளாம். ஆக, காலையில் வாங்கி மாலையில் கொடுக்க வேண்டும், அது என்னால் முடியும், டிரையர் என் கையில் பேசும். சலவைத் தண்ணீரை வடிகட்டிதான் சாக்கடையில் விட வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது, முன்பாயிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பேன், இப்போது விண்ணப்பத்தாளே வாங்கி வந்துவிட்டேன். கீழே ஒரு தொட்டி கட்டி மோட்டார் போட வேண்டும், ஸ்டெபிலைசர் வேண்டும், இடம் சின்னது, மூன்று மெஷின் நிற்காது, இரண்டுதான். இதெல்லாம் எனக்குப் பயமில்லை, ஸ்குரூ திருகினால் சரியாகிற விஷயங்கள். ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. இன்று நகராட்சிக்குப் போய்ச் சுவரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன், சிவப்புக் கோடு எதுவும் இல்லை. அங்கிருந்த எழுத்தரைக் கேட்டால், “பத்து வருஷமா மாத்தறாங்க சார், நான் சேர்ந்ததுல இருந்து மாத்திக்கிட்டே இருக்காங்க” என்கிறார். மாறுமா மாறாதா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நான் கேட்க, மாறினால் என்ன செய்வோம் என்று அம்மா கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் பதில் இருந்தது. மூன்று வருடம் என்ற அந்த இடத்துச் சொந்தக்காரரிடம் ஒரு வருடம் போதும், பிடித்தால் நீட்டிக்கிறோம் என்று பேசி முடித்தோம், மெஷின்களைத் தரையில் பதிக்காமல் இரும்புச் சட்டத்தின் மேல் நிறுத்தப் போகிறேன், தூக்க வேண்டி வந்தால் தூக்கலாம். எனக்கு இது பிடிக்கவில்லை. அளக்க முடியாத ஒன்றை அப்படியே அளக்காமல் விட்டுவிட்டு நடப்பது எனக்குச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவில் அத்தனை சட்டையைப் பார்த்த பிறகு சும்மா இருக்கவும் முடியவில்லை.

ஆகவே கையெழுத்து நாளைக்கு, ராஜினாமாவும் நாளைக்கு. பழைய கடிதத்தில் தேதியை மட்டும் அடித்துத் திருத்தலாம் என்றேன், அம்மா விடவில்லை, புதிதாக எழுத வைத்து, அவளே படித்துப் பார்த்து, இரண்டு பிழை திருத்தி, “இப்ப குடுங்க” என்று உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் ராஜினாமாவை விட அந்த உறையைத்தான் பத்திரமாகப் பையில் வைத்திருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உன் விடுதியில் எத்தனை பேர் வெளியே துணி கொடுக்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் திரும்ப எதிர்பார்க்கிறார்கள், எதற்காகத் திட்டுகிறார்கள், எல்லாம் கேட்டு எழுது. திட்டைத்தான் முக்கியமாக எழுது, பாராட்டு எனக்கு வேண்டாம். புதன்கிழமை நான் சொன்னதை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே, உனக்குக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல், ஆனால் உன் கட்டத்தை நான் முதலில் நிரப்பிய லட்சணத்தை மட்டும் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதே. பரீட்சைக்கு முந்தின நாள் சீக்கிரம் படு. கையில் செலவுக்கு இல்லையென்றால் அம்மாவிடம் கேட்காமல் என்னிடம் கேள், இல்லை, இனிமேல் அம்மாவிடமே கேள், அவளிடம் சொல்லாமல் நான் எதையும் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, எங்களைவிட நிதானமாக, எங்களைவிட நன்றாக நீ இருக்க வேண்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள், உன் உச்சியில் ஒரு முத்தமும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இப்படிக்கு,
நாளைக் காலை பத்து மணிவரை நிரந்தரப் பணியாளனாகவும்
அதற்குப் பிறகு அம்மாவின் கூட்டாளியாகவும் இருக்கப்போகிற
உன் அப்பா